முறை வைத்துப் பயந்தவர்கள்

கொடிக்கால்மேடு என்று தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறதாம். நான் போனதில்லை, போகவும் மாட்டேன். அங்கிருந்து நாலு பேர் இங்கே வந்ததே எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

நான் கோலாலம்பூரில் இருபத்திரண்டு வருஷமாக டாக்சி ஓட்டுகிறேன். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அந்த நாலு பேரும் என் காரை ஏதோ புலிக்கூண்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அந்த எரிச்சல் இன்னும் எனக்குத் தீரவில்லை.

என் சகலை வடமலையார் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் சூப்பர்வைசராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், அதற்கேற்ற கோபம். அவருடைய ஒரே மகள் புனிதமலர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாட்டனார் பிறந்த ஊரைப் பார்க்கிறேன் என்று கொடிக்கால்மேட்டுக்குப் போனாள். திரும்பி வந்ததும், கட்டினால் உலகநாதனைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள்.

உலகநாதன் அந்த ஊர்க் கோயிலில் சாமி பல்லக்குத் தூக்குகிறவன். நல்ல பிள்ளை, குணத்தில் குறையே கிடையாது. ஆனால் உலகநாதன் என்று பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். அவனுக்குப் பிளேன் என்றால் பயம். லிஃப்ட் என்றால் பயம். நாய் என்றால் பயம். நாய்ப் படம் போட்ட காலண்டர் தொங்கினால் அந்தச் சுவர்ப்பக்கம் படுக்க மாட்டான்.

வடமலையார் இதைக் கேள்விப்பட்டதும் குதித்தார். பிளேனுக்குப் பயப்படுகிறவன் என் பெண்ணை என்னத்தைக் காப்பாற்றுவான் என்றார். புனிதமலர் இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்த பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழரைக்குள் முகூர்த்தம். அதற்குள் மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தால் கல்யாணம். ஏழு முப்பத்தொன்று ஆனால் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார், பேச்சே கிடையாது.

உலகநாதனின் அம்மாவுக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை. அதனால் அவனோடு பல்லக்குத் தூக்குகிற மூன்று பேரைக் கூட அனுப்பினார். மூத்தவர் நாகப்பன். "எடு", "நட", "நில்" என்று குரல் கொடுப்பவர் அவர்தான், மற்றவர்கள் அதற்கு மேல் யோசிக்கிற வழக்கமில்லை. அடுத்தவன் அம்மையப்பன். கடைசி ஆள் சிங்காரவேலு, நின்றுகொண்டே தூங்கக் கூடியவன். அந்த அம்மா அவர்கள் மூன்று பேரையும் நிற்க வைத்து, "அவன் பயந்தவன்ப்பா, அவன் பயத்துல ஆளுக்குக் கொஞ்சம் நீங்களும் வாங்கிக்கங்க" என்று கண்கலங்கச் சொன்னாராம். ஏதோ பெற்ற வயிறு, வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறது. அவர்கள் அதை அப்படியே மனசில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

சென்னையில் பிளேன் வரைக்கும் பஸ்ஸில் கூட்டிப் போவார்கள் அல்லவா? அந்தப் பஸ்ஸில் ஏறி இறங்கினார்கள். பிறகு படி ஏறிப் பிளேனுக்குள் போனார்கள். இது இன்னொரு பஸ், கொஞ்சம் பெரிய பஸ் என்று நாலு பேரும் ஒருமனதாக முடிவு பண்ணியிருக்கிறார்கள். ஜன்னல் மூடி திறந்திருந்தால் உலகநாதனுக்குப் பயம், அதனால் கீழே இழுத்துவிட்டார்கள். நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிளேனை இவ்வளவு தூரத்திலா கொண்டுபோய் நிறுத்துவது என்று அம்மையப்பன் மட்டும் நடுவில் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டானாம். நடுவில் சோறு கொடுத்தார்கள். நல்ல பஸ் என்று சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் கோலாலம்பூர் விமான நிலைய வாசலில் நான் காத்திருந்தேன். உலகநாதன் சிரித்த முகத்தோடு வந்து, "சித்தப்பா, பிளேன் எங்க நிக்குது?" என்று கேட்டான். நான் விவரத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நடுங்க ஆரம்பித்தான். நாலு மணி நேரத்து நடுக்கத்தையும் மிச்சம் வைக்காமல் நடுங்கி முடித்த பிறகுதான் எழுந்தான். நான் அதுவரை பார்க்கிங்குக்கும் பெஞ்சுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

இனிமேல் பட்டர்வொர்த்துக்குப் பிளேனில் போவதா ரயிலில் போவதா என்பதுதான் கேள்வி. என் காரிலேயே நாலு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாகப்பன் தகவல் மேசைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு தமிழ்ப் பெண். பயந்த ஆளுக்கு எது நல்லது என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, பிளேனும் பத்திரம், ரயிலும் பத்திரம், நியாயமாகப் பார்த்தால் பயப்பட வேண்டியது காருக்குத்தான் என்றாள்.

நாலு பேரும் மெதுவாகத் திரும்பி என் கையில் இருந்த கார்ச் சாவியைப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் எவ்வளவு கெஞ்சியும் என் வண்டியில் ஏறவில்லை. விமான நிலைய ரயிலைப் பிடித்து, இறங்கி, மிச்ச தூரம் கொளுத்துகிற வெயிலில் நடந்தே என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பெட்டிகள் மட்டும் என்னோடு காரில் வந்தன. பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

புனிதமலர் போன் பண்ணினாள். பிளேன் என்றால் ஒரு மணி நேரம், ஆனால் பினாங்கு விமான நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு மறுபடி காரில் வர வேண்டும். ரயில் என்றால் நாலரை மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து மண்டபம் இரண்டே கிலோமீட்டர். "அவருக்கு எது பயமில்லையோ அதுல கூட்டிட்டு வாங்க சித்தப்பா. நேரத்துக்கு வந்தாப் போதும். அப்பா இப்பவே கைக்கடிகாரத்தைக் கழட்டி மேசை மேல வச்சுட்டாரு" என்றாள். குழந்தையிலிருந்து நான் பார்த்து வளர்ந்த பெண், எனக்கும் மனசு கேட்கவில்லை.

கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து நாலு பேரும் பேச ஆரம்பித்தார்கள். என் மனைவி இரண்டு தடவை காப்பி கொடுத்தாள்.

"பிளேன் நடுவுல எங்கயும் நிக்காதாம்ண்ணே" என்றான் அம்மையப்பன்.

நாகப்பன் முகம் சுருங்கிவிட்டது. "எங்கயுமே நிக்காத புறப்பாட்டை நான் கேள்விப்பட்டதே இல்லையே."

அவர்கள் தொழில் அப்படி. சாமி வீதியில் புறப்பட்டால் மண்டகப்படிக்கு மண்டகப்படி நிற்கும். கற்பூரம் காட்டுவார்கள், காட்டியதும் அடுத்த இடத்துக்கு நடப்பார்கள். ரயில் பத்து இடத்தில் நிற்கும் என்று நான் சொன்னதும் ரயிலின் மேல் நாகப்பனுக்கு ஒரு மரியாதை வந்தது.

"ரயில் ரிப்பேரானா இறங்கி நடந்துக்கலாம்" என்றான் சிங்காரவேலு, கண்ணைத் திறக்காமலே.

"பிளேன் ரிப்பேரானா?" என்று கேட்டான் அம்மையப்பன்.

"அதுலயும் இறங்கித்தான் ஆகணும்."

பிறகு உலகநாதன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "பிளேன்னா ஒரு மணி நேரம் பயந்தாப் போதும். ரயில்னா நாலரை மணி நேரம் பயப்படணும். எனக்கு மலரைப் பாக்கணும்ண்ணே. ஆனா அவ்வளவு நேரம் பயப்பட என்னால முடியாது, நெஞ்சு தாங்காது."

நாகப்பன் எழுந்து நின்றார். எனக்கும் ஏதோ நடக்கப் போகிறது என்று தெரிந்துவிட்டது.

"ஒருத்தனே எதுக்குடா பயப்படணும்? நாம நாலு பேரு இருக்கோம். ஆளுக்கு ஒரு மணி நேரம். தோள் மாத்துற மாதிரி மாத்திக்குவோம். உங்கம்மா அதைத்தானே சொல்லி அனுப்பினாங்க?"

அம்மையப்பனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உலகநாதன் எழுந்து நாகப்பன் காலைத் தொட்டான். ரயில்தான் என்று முடிவாயிற்று. சொல்லப்போனால் சரியான முடிவுதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அங்கே வந்து சேர்ந்த வழிதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

யாராவது ஒருத்தர் கூடப் போக வேண்டுமே என்று என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் தன் அக்காவுக்கு ஒத்தாசையாக அன்று ராத்திரியே பஸ்ஸில் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் அந்த நாலு பேரோடு ஸ்டேஷனில் நின்றேன்.

பகல் பன்னிரண்டரைக்கு ரயில். வந்து நின்றதும் எல்லாரும் ஏறினார்கள். இவர்கள் ஏறவில்லை. புதிதாக ஒரு பல்லக்கோ வாகனமோ வந்தால் முதலில் தோள் கொடுத்துக் கனம் பார்ப்பது அவர்கள் வழக்கமாம். நாலு பேரும் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று, கதவுக்குக் கீழே தோளை வைத்து, நாகப்பன் "எடு" என்றதும் தம் கட்டினார்கள். காவலர் ஒருவர் ஓடி வந்தார். அவர் மலாய்க்காரர். ஏதோ வழிபாடு என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"நல்ல கனம். இது சாயாது" என்று தீர்ப்புச் சொன்னார் நாகப்பன். அப்புறம்தான் ஏறினார்கள்.

முதல் முறை உலகநாதனுடையது. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வியர்த்து, ஒழுங்காகப் பயந்தான். யாரும் அவனை ஆறுதல் சொல்லித் தொந்தரவு செய்யவில்லை. நேரம் பார்க்கிற வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஒன்றரை ஆனதும் சொன்னேன். நாகப்பன் தோளைத் தட்டி, "விடு, நான் வாங்கிக்கிட்டேன்" என்றார்.

நம்பினால் நம்புங்கள். உலகநாதன் பெருமூச்சு விட்டான், முகத்தைத் துடைத்தான், புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டான். ஜன்னலில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களைப் பார்த்து, அழகாக இருக்கிறதே என்றான். பயம் இப்போது நாகப்பன் பொறுப்பு, அவனுக்கென்ன கவலை?

நாகப்பன் பொறுப்பான மனிதர். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடுங்கினார். எதிர்ச் சீட்டுச் சீனப் பாட்டி மனசு கேட்காமல் தைலப் புட்டியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வேலை நேரத்தில் எதுவும் தொடுகிறதில்லை என்று என்னைச் சொல்லச் சொன்னார், நானும் மலாயில் சொன்னேன்.

மூன்றாவது ஆள் அம்மையப்பன். அவனுக்கு ரயிலைப் பார்த்துப் பயம் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. வேலை சரியாக நடக்கவில்லையே, நம்மால் கல்யாணம் கெட்டுவிடுமோ என்று கவலைப்பட்டான். கவலை முற்றி, ஈப்போ தாண்டுவதற்குள் நிஜமாகவே கையெல்லாம் சில்லிட்டுவிட்டது. நல்ல தேர்ச்சி என்று நாகப்பன் பாராட்டினார்.

நாலாவது சிங்காரவேலு. முறை வந்த உடனே தூங்கிவிட்டான். அவ்வளவுதான், மற்ற மூன்று பேரும் அவனை உலுக்கி எடுத்துவிட்டார்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கை உன்னை நம்பி இருக்கிறது, நீ தூங்குகிறாயே என்று நாகப்பன் கடிந்துகொண்டார். அவன் திடுக்கிட்டு எழுந்து ஜன்னலைப் பார்த்த நேரம், ரயில் ஒரு பெரிய ஏரியின் நடுவே போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர்.

"அண்ணே, வேண்டாம்ண்ணே, எனக்கு நெசமாவே பயமா இருக்கு."

"அதுக்குத்தானே உன்னை உக்கார வச்சிருக்கோம்" என்றார் நாகப்பன்.

ஏரியைப் படம் பிடிக்க எல்லாரும் இடது பக்க ஜன்னலுக்குப் போனார்கள். கனம் ஒரு பக்கம் சேர்ந்தால் பல்லக்குக் குடை சாயும் அல்லவா? நாகப்பனும் அம்மையப்பனும் உலகநாதனும் வலது பக்கத்துக்குப் பாய்ந்து, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஏரி முடிகிறவரை ரயிலைக் காப்பாற்றினார்கள். என்னையும் இழுத்துக்கொண்டார்கள்.

நாலரை ஆயிற்று. நாலு பேர் முறையும் முடிந்தது. ரயில் போய்ச் சேர இன்னும் அரை மணி இருந்தது. நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

முடியாது என்றேன். நான் டாக்சிக்காரன், எனக்கு எந்த வண்டிக்கும் பயம் கிடையாது என்றேன். நாகப்பன் கோபப்படவில்லை. "அப்ப அந்த அரை மணி நேரம் ஆளில்லாமக் கெடக்கட்டும்ங்கிறீங்களா சம்பந்தி?" என்று மட்டும் கேட்டார். வடமலையாரின் முகத்தை நினைத்துக்கொண்டேன். முயற்சியே தேவைப்படவில்லை, அருமையாகப் பயந்தேன்.

ஐந்து மணிக்குப் பட்டர்வொர்த்தில் இறங்கினோம். இரண்டரை மணி நேரம் கையில் இருக்கிறது, மண்டபம் இரண்டு கிலோமீட்டர். எனக்கு உயிர் வந்தது. வாசலில் வடமலையார் அனுப்பிய கார், ரோஜாப்பூ ஒட்டி நின்றது. காரைப் பார்த்ததும் என் உயிர் மறுபடி போய்விட்டது.

ஏறமாட்டார்கள் என்று தெரியும், ஏறவில்லை. நடக்கலாமே என்றேன். மாப்பிள்ளை தெருவில் நடந்து போனால் பெண் வீட்டுக்கு மரியாதையா என்று அம்மையப்பன் கேட்டான். போதாததற்குச் சாலையைக் கடக்க உலகநாதனுக்குப் பயம். கடைசியில் நாகப்பன்தான் வழி சொன்னார். நமக்குத் தெரிந்த வேலை ஒன்று இருக்கும்போது எதற்கு இந்த யோசனையெல்லாம், தூக்கிக்கொண்டே போய்விடலாம் என்றார்.

ஸ்டேஷனுக்கு எதிரே இளநீர்க் கடை வைத்திருந்த தமிழம்மாவிடம் நாற்காலியும் இரண்டு மூங்கிலும் கேட்டோம். கல்யாணம் என்றதும் அந்த அம்மா பூரித்துப்போய், எது வேணுமோ எடுத்துக்குங்க என்றது. இவர்கள் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்தார்கள். மூங்கிலுக்குக் கடையின் பந்தல் காலைப் பிடுங்கினார்கள். பந்தலுக்கு அடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களை வெளியே எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

இரண்டு மூங்கிலையும் நாற்காலிக்குத் தண்டாகக் கட்டி, உலகநாதனை உட்கார வைத்துத் தூக்கினார்கள். அப்போதுதான் தெரிந்தது, தண்டுக்கு நாலு முனை, தோள் மூன்று. முன்பக்க இடது முனை ஆளில்லாமல் தொங்கியது. உலகநாதன் சறுக்கிக்கொண்டே வந்து கூச்சல் போட்டான்.

"நாலாவது ஆளு எங்கடா?" என்று அதட்டினார் நாகப்பன்.

"நான்தாண்ணே" என்றான் உலகநாதன் மேலேயிருந்து.

"வேலை நேரத்துல மேலே உக்காந்துகிட்டு என்னடா பண்றே? இறங்கி வா."

இறங்கி வந்தான். தன் இடத்தில் தோளைக் கொடுத்தான். "எடு" என்றார். தண்டு நூல் பிடித்த மாதிரி சமமாக எழுந்தது. எல்லார் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் கிளம்பினார்கள். நாற்காலி காலியாக இருக்கிறது என்று நான் சொன்னேன். கனம் குறைவாக இருந்தால் நல்லதுதானே என்றார்கள்.

வழியில் சீனர் கடைகளின் வாசலில் சாயங்கால ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். புகை வருகிற இடமெல்லாம் மண்டகப்படி என்று நாகப்பன் "நில்" சொன்னார். ஒவ்வொரு வாசலிலும் நின்றார்கள். கடைக்காரர்கள் வெளியே வந்து காலி நாற்காலியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், கும்பிட்டுவிட்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள். நாற்காலி நிறையப் பழம் சேர்ந்தது. இரண்டு கிலோமீட்டர் போக ஏழு மணி ஆகிவிட்டது. நான் முன்னும் பின்னுமாக ஓடி ஓடி வேட்டி அவிழ்ந்ததுதான் மிச்சம்.

மண்டப வாசலில் வடமலையார் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். உள்ளே முந்நூறு பேர். நாலு பேர் ஒரு நாற்காலியைச் சுமந்து வருவதைப் பார்த்தவர், "மாப்பிள்ளை எங்கய்யா?" என்றார் என்னிடம். நான் தண்டுக்கு அடியில் கையைக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்துப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்து, பழக்கதோஷத்தில் நாற்காலிக்குச் சுற்றிக் கற்பூரத்தைக் காட்டிவிட்டார்கள். கற்பூரம் காட்டினால் அடுத்த இடத்துக்கு நடக்க வேண்டும். நாகப்பன் "நட" என்றார். நாலு பேரும் அப்படியே திரும்பிச் சாலையைப் பார்த்து நடந்தார்கள். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

சத்தம் கேட்டுப் புனிதமலர் பட்டுப்புடவையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். உலகநாதனைத் தண்டுக்கு அடியில் பார்த்ததும் அப்படியே நின்றாள். கொடிக்கால்மேட்டுத் திருவிழாவில் இவள் அவனை முதன்முதலில் பார்த்ததும் இப்படித்தானாம். பக்கத்தில் லாரி டயர் வெடித்து ஊரே சிதறி ஓடியபோது, தோளில் தண்டோடு அசையாமல் நின்றவன் அவன் ஒருத்தன்தான். தோளில் கனம் இருந்தால் அவனுக்குப் பயம் எட்டிப் பார்க்காது. "வந்துட்டீங்களா?" என்றாள். "வந்துட்டேன் மலர்" என்றான். இரண்டு பேர் கண்ணும் கலங்கியது. எனக்கும்தான், மறைப்பானேன்.

இனி யாரும் கற்பூரம் ஏற்றாதீர்கள் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, புனிதமலர் அவனை உள்ளே வரச் சொன்னாள். அவன் வரவில்லை. தூக்கியதைப் புறப்பட்ட இடத்தில்தான் இறக்க வேண்டும், நடுவில் தரையில் வைக்கக் கூடாது. தோள் மாற்றிக்கொண்டு வரலாம், ஆனால் மாற்று ஆள் அதே உயரம் இருக்க வேண்டும். மண்டபத்தில் இருந்த ஆண்களை எல்லாம் கொண்டுவந்து நிறுத்தினோம். சமையல்காரர் குட்டை. படம் பிடிக்கிறவர் இன்னும் குட்டை. நாதஸ்வரக்காரர் கிட்டத்தட்ட வந்தார், இரண்டு விரல்கடை போதவில்லை. மணி ஏழு பதினாலு.

எல்லார் பார்வையும் ஒரே இடத்துக்குப் போனது. வடமலையார் உறுமினார். "பொண்ணோட அப்பன்யா நான். நான் போய்த் தூக்கணுமா?"

"நேரமாகுதுப்பா" என்றாள் புனிதமலர்.

அந்தச் சொல்தான் அவரைச் சாய்த்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களை நேரத்தைச் சொல்லியே விரட்டியவர். கடிகாரத்தைப் பார்த்தார், துண்டை மடித்துத் தோளில் போட்டார், தண்டுக்கு அடியில் போனார்.

"உலகநாதன் வச்சிருந்ததை எல்லாம் நீங்க வாங்கிக்கணும் சம்பந்தி. அவன் பயமும் சேத்துத்தான்" என்றார் நாகப்பன்.

"எல்லாத்தையும் குடுய்யா, நேரமாச்சு" என்றார் வடமலையார்.

உலகநாதன் கைகால் கழுவி மணவறையில் உட்கார்ந்தான். தாரை வார்த்துக் கொடுக்க அப்பா வேண்டும் என்றார் ஐயர். அதனால் நாற்காலியும் ஆரஞ்சுப் பழமும் தண்டும் நாலு பேரும் மணவறைக்கு வந்தார்கள். வடமலையார் தோளில் தண்டோடு நின்றபடியே, ஒரு கையால் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தார். அவர் கை நடுங்கியது. பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஏழு இருபத்தாறுக்கு மூன்று முடிச்சும் விழுந்தது.

நான் ஓரத்து நாற்காலி ஒன்றில் சாய்ந்து கண்ணை மூடினேன். முடிந்தது என்று நினைத்தேன். என் மனைவி, அந்த மகராசி, சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்து, மணமக்களுக்கு மங்கள ஆரத்தி என்று கற்பூரத்தை ஏற்றிவிட்டாள்.

"நட" என்றார் நாகப்பன்.

மூன்று பேர் நடந்தால் நாலாவது ஆளும் நடக்கத்தானே வேண்டும்? வடமலையாரும் நடந்தார். மண்டபத்தின் நடுவே, முந்நூறு பேர் வழிவிட, வெளியே போய்விட்டார்கள். "சகலை, விட்டுட்டு வாங்க" என்று கத்தினேன். "விட்டாச் சாயும்யா" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அவரைக் கூட்டிவர என்னைத்தான் அனுப்பினார்கள். ஸ்டேஷனை நெருங்கும்போது பிடித்தேன். சட்டையெல்லாம் நனைந்து, ஆனால் என்ன அழகாக அடி வைத்துக்கொண்டிருந்தார் தெரியுமா, ஒரு இம்மி பிசகவில்லை. நிறுத்தத்தான் போனேன். ஸ்டேஷன் வாசல் வரை கூடவே நடந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒரு குறைதான் எனக்கு உறுத்தியது. நேராக மண்டபத்துக்குத் திரும்பி வந்து, பெரிய குடையையும் நாதஸ்வரக்காரரையும் தேடினேன்.

"அப்பா எங்க சித்தப்பா?" என்று கேட்டாள் புனிதமலர், மாலையும் கழுத்துமாக.

"போய்க்கிட்டு இருக்காரும்மா. குடையும் மேளமும் இல்லாமப் போறது நல்லா இல்லை, அதான் எடுக்க வந்தேன்."

"எங்க போறாரு?"

புறப்பட்ட இடத்துக்குத்தான், அது இளநீர்க் கடை இல்லை, கொடிக்கால்மேடு என்று நாகப்பன் சொல்லிவிட்டார் என்றேன். ரயிலா பிளேனா என்று ஸ்டேஷன் வாசலில் பேச்சு நடக்கிறது, அப்பாவுக்கு இரண்டுமே பயமாக இருக்கிறதாம், முறை போட்டுக்கொள்ளலாம் என்று நாகப்பன் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னேன்.

புனிதமலர் முகம் வெளுத்துவிட்டது. "அப்பாகிட்ட பாஸ்போர்ட்டே இல்லையே."

உலகநாதன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான். நன்றாக யோசித்தான். பிறகு பதறாமல் சொன்னான்.

"நாற்காலி காலியாத்தானே இருக்கு? மாமாவை மேலே ஏறி உக்காந்துக்கச் சொல்லு மலர். சாமிகிட்ட யாரு பாஸ்போர்ட் கேப்பாங்க?"

புனிதமலர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள்.